தேனீயைக் கொன்றது யார்?



இந்தக் கட்டுரையை ஓர் ஒப்புதலோடு தொடங்குகிறேன். போன வருஷம் எங்கள் ஆலயத் திருவிழாவுக்கு முதல் நாள் காலையில், மண்டபத்துக்குப் பின்னால் இரண்டு குப்பை முறம் நிறையச் செத்த தேனீக்களைக் கூட்டி அள்ளினேன். சில இன்னும் சாகவில்லை. மல்லாந்து கிடந்து காலை உதைத்துக் கொண்டிருந்தன. அவற்றையும் சேர்த்துத்தான் அள்ளினேன்.

தேவார வகுப்புக்கு வரும் பையன் ஒருவன், பத்து வயசு இருக்கும், பக்கத்தில் வந்து நின்றான். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டான்:

"அண்ணே, இத யாரு கொன்னா?"

"போய் உக்காருடா, வகுப்பு ஆரம்பிக்கப் போவுது" என்று விரட்டிவிட்டேன். அவனுக்குச் சொல்லப் பதில் இல்லாமல் இல்லை. பல பதில்கள் இருந்தன. அதுதான் சிக்கல்.

நடந்தது இதுதான். திருவிழாவுக்கு ஆறேழு வாரம் முன்னால் மண்டபக் கூரையின் விளிம்பில் ஒரு தேனீக்கூட்டம் வந்து தங்கியது. முதலில் உள்ளங்கை அகலம். "நல்ல சகுனம்தான்" என்றார் ஒருவர். கைப்பேசியில் படம்கூட எடுத்தோம். பிறகு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டோம். அது வளர்ந்து பெரிய தாம்பாளம் அளவுக்கு வந்தது. தோரணம் கட்ட ஏணி வைத்த ஒரு தம்பிக்குக் கன்னத்திலும் கழுத்திலும் கொட்டிய பிறகுதான் செயலவைக்கு ஞாபகம் வந்தது. அப்போது திருவிழாவுக்கு மூன்றே நாள். "இளைஞர் பிரிவு பாத்துக்கட்டும்" என்றார்கள். இளைஞர் பிரிவுச் செயலாளர் நான். பூச்சி ஒழிப்புக்காரர் ஒருவரை அழைத்தேன். 180 வெள்ளி. இருட்டியதும் வந்தார், மருந்து அடித்தார், அடையை அறுத்துக் கறுப்புப் பையில் போட்டுக் கொண்டு போனார்.

சரி, யார் கொன்றது? மருந்து அடித்தவரைக் கேட்டால், "நீங்க கூப்பிட்டீங்க, நான் வந்தேன்" என்பார். செயலவையைக் கேட்டால், "பாதுகாப்பைப் பாக்கச் சொன்னோம், எப்படிச் செய்யணும்னு சொல்லலையே" என்பார்கள். என்னைக் கேட்டால், "அவங்க சொன்னாங்க, நான் செஞ்சேன்." எல்லாரும் சொல்வது உண்மைதான். ஆனால் முறத்தில் தேனீக்கள் செத்துக் கிடந்தனவே.

அன்று மதியம் அபிஷேகத்துக்குத் தேன் வாங்கக் கடைக்குப் போனதும் நான்தான். கூரையில் இருந்த தேனை நஞ்சாக்கிவிட்டு, புட்டித் தேனைக் காசு கொடுத்து வாங்கி வந்தேன். பால்மரத் தோட்டத்தில் வளர்ந்த ஒரு பெரியவர் அன்று மாலை என்னிடம் சொன்னார்: "அது மலைத்தேனீப்பா. ஒரே எடத்துல நெலச்சு இருக்காது. கொஞ்ச மாசம் இருந்துட்டு அதுவா போயிரும். சின்னதா இருந்தப்பவே எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா, பொகய போட்டு ராத்திரியே கெளப்பி விட்டிருப்பேன்."

அவர் வாரத்தில் நான்கு நாள் ஆலயத்துக்கு வருகிறவர். நான் அவரிடம் கேட்கவில்லை. யாரிடமும் கேட்கவில்லை.

அதன் பிறகு தேனீக்களைப் பற்றிக் கண்ணில் பட்டதையெல்லாம் படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க ஒன்று புரிந்தது. எங்கள் மண்டபத்துக்குப் பின்னால் நடந்ததுதான், பெரிய அளவில், உலகத்திலும் நடந்து கொண்டிருக்கிறது.

பிணமே இல்லாத சாவு

2006 நவம்பரில் டேவிட் ஹேக்கன்பர்க் என்ற அமெரிக்கத் தேனீ வளர்ப்பாளர் ஃபுளோரிடாவில் தாம் வைத்திருந்த சுமார் 400 பெட்டிகளைப் பார்க்கப் போனார். பெரும்பாலானவை காலி. உள்ளே தேன் இருந்தது. புழுக்கள் இருந்தன. பல பெட்டிகளில் ராணித் தேனீயும் இருந்தது. வேலைக்காரத் தேனீக்களை மட்டும் காணோம். தரையில் செத்துக் கிடந்தால்கூட ஒரு கணக்குக்கு வரும். பிணம்கூட இல்லை. அந்தக் குளிர்காலத்தில் அமெரிக்காவின் பல மாநிலங்களில் இதே கதை. சிலர் பத்துக்கு மூன்று கூடுகளை இழந்தார்கள், சிலர் பத்துக்கு ஒன்பதை.

உடனே எல்லாரும் குற்றவாளியைத் தேடினார்கள். ஆளுக்கு ஒரு பதில் வந்தது. அதில் நம் காதுக்கு அதிகம் வந்து சேர்ந்தது எது தெரியுமா? கைப்பேசிக் கோபுரம்.

இந்தக் கதை எப்படிப் பிறந்தது என்று பாருங்கள். ஜெர்மனியின் லாண்டாவ் நகரில் ஆய்வாளர்கள் சிலர் ஒரு சிறிய சோதனை செய்தார்கள். வீட்டில் பயன்படுத்தும் கம்பியில்லாத் தொலைபேசியின் அடிப்பாகத்தைத் தேன்கூட்டுக்கு உள்ளேயே வைத்துப் பார்த்தார்கள். அவர்கள் சோதித்தது கைப்பேசியும் அல்ல, கோபுரமும் அல்ல. 2007 ஏப்ரலில் பிரிட்டிஷ் பத்திரிகை ஒன்று அதைக் காணாமற்போன அமெரிக்கத் தேனீக்களோடு முடிச்சுப் போட்டது. "எங்கள் சோதனைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை" என்று ஆய்வாளர்களே சொன்னார்கள். யார் கேட்டது? செய்தி உலகம் சுற்றிவிட்டது. 2018-இல் வந்த '2.0' படத்தில் கோபுரங்களால் பறவைகள் சாவதைப் பார்த்துவிட்டு, "அப்ப தேனீயும் அப்படித்தான்" என்று தியேட்டர் வாசலிலேயே முடிவு கட்டியவர்களில் நானும் ஒருவன்.

இன்னொரு செய்தியும் வருஷா வருஷம் புலனத்தில் வரும். தேனீ அழிந்தால் நான்கே வருஷத்தில் மனித இனமும் அழியும் என்று ஐன்ஸ்டைன் சொன்னாராம். அவர் அப்படிச் சொன்னதற்கோ எழுதியதற்கோ எந்தச் சான்றும் இல்லை. 1994-இல் பிரசல்ஸ் நகரில் தேனீ வளர்ப்பாளர்கள் நடத்திய போராட்டத்திலும் அந்த வாக்கியம் அவர் பெயரோடு வலம் வந்தது. அவர் இறந்து 39 வருஷம் கழித்து! நெல்லும் கோதுமையும் சோளமும் தேனீயை நம்பி இல்லாத பயிர்கள். தேனீ போனால் சோறு நின்றுபோகாது. பழம், காய், கொட்டை, விதை வகைகளில் பெரிய அடி விழும். அதுவே போதாதா கவலைப்பட?

கோபுரக் கதையை நாம் ஏன் இவ்வளவு ஆசையாக நம்புகிறோம்? யோசித்துப் பார்த்தேன். அந்தக் கதையில் குற்றவாளி ஒருவன்தான். பெரியவன், தூரத்தில் இருப்பவன். நாம் செய்ய வேண்டியது பகிர்வதோடு முடிந்தது. அதையும் கைப்பேசியில்தான் செய்கிறோம்!

உண்மையான காரணங்கள்

உண்மையான காரணங்களில் ஒன்றுகூட இவ்வளவு வசதியாக இல்லை.

முதலாவது ஓர் உண்ணி. வரோவா என்று பெயர். செம்பழுப்பு நிறம், குண்டூசித் தலை அளவு. இது ஆசியாவில் நம் சின்னத் தேனீயின் உடலில் காலங்காலமாக இருந்தது. நம் தேனீ அதை மேலிருந்து தட்டி எடுக்கவும் கடித்துப் போடவும் பழகிக் கொண்டது. பிறகு மனிதர்கள் கூடுதல் தேனுக்காக ஐரோப்பியத் தேனீயை ஆசியாவுக்குக் கொண்டு வந்து, இதன் பக்கத்தில் வைத்தார்கள். உண்ணி அதற்குத் தாவியது. அதற்கோ உண்ணியை எப்படி எதிர்ப்பது என்றே தெரியாது. கப்பலிலும் லாரியிலும் பெட்டிகளை ஏற்றி இறக்கிய இடமெல்லாம் உண்ணியும் போனது. 1987-இல் அமெரிக்கா. 2022 ஜூனில் ஆஸ்திரேலியாவின் நியூகாசல் துறைமுகம். அங்கே அதை ஒழிக்கப் பல்லாயிரம் பெட்டிகளை அழித்துப் பார்த்து, 2023 செப்டம்பரில் முடியாது என்று கைவிட்டார்கள். இந்த உண்ணி தேனீயின் உடம்பை உறிஞ்சுவதோடு நிற்பதில்லை, சிறகைச் சுருங்க வைக்கும் ஒரு நச்சுயிரியையும் பரப்புகிறது. பெட்டியை இடம் மாற்றியவர் யாரும் தேனீயைக் கொல்ல நினைக்கவில்லை. நாலு காசு சம்பாதிக்க நினைத்தார், அவ்வளவுதான்.

இரண்டாவது பூச்சிமருந்து. குறிப்பாக நியோனிக்கோட்டினாய்டு என்ற வகை. விதையிலேயே பூசி விதைத்தால் செடி முழுக்க ஏறும். பூவின் தேனிலும் மகரந்தத்திலும் வரும். 2008 வசந்த காலத்தில் ஜெர்மனியின் ரைன் நதிப் பகுதியில், சோள விதையில் பூசிய மருந்து சரியாக ஒட்டாமல் தூசியாகப் பறந்தது. 11,000-க்கும் மேற்பட்ட தேனீக் கூடுகள் பாதிக்கப்பட்டன. இது கண்ணுக்குத் தெரிந்த சாவு. தெரியாததும் உண்டு. கொஞ்சமாக உள்ளே போனால் தேனீ உடனே சாவதில்லை, வீட்டுக்குத் திரும்பும் வழியை மறக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2013-இல் இவ்வகை மருந்துகளில் மூன்றுக்குக் கட்டுப்பாடு போட்டது, 2018-இல் திறந்த வெளியில் பயன்படுத்தவே தடை விதித்தது.

மூன்றாவது பசி. மைல் கணக்கில் ஒரே பயிர் நின்றால், அது பூக்கும் சில வாரம் விருந்து. மற்ற மாதமெல்லாம் பட்டினி. கலிஃபோர்னியாவில் பத்து லட்சம் ஏக்கருக்கு மேல் பாதாம் தோட்டம் இருக்கிறது. ஒவ்வொரு பிப்ரவரியிலும் அந்நாட்டின் வளர்ப்புத் தேனீக்களில் பெரும்பகுதியை லாரியில் ஏற்றி அங்கே கொண்டுபோய் இறக்குகிறார்கள். நாடு முழுதும் இருந்து வந்த கூடுகள் பக்கம் பக்கமாக நின்று, ஒன்றின் நோயை இன்னொன்றோடு பங்கிட்டுக் கொண்டு திரும்புகின்றன. நாம் தீபாவளிக்குப் பலகாரத்தில் தூவுகிற பாதாமுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு.

இவை தனித்தனியாக வருவதில்லை, அதுதான் விஷயம். பசித்த தேனீ மருந்தைத் தாங்காது. மருந்து ஏறிய தேனீ நோயைத் தாங்காது. உண்ணி கடித்த தேனீ எதையும் தாங்காது. பத்துப் பேர் ஆளுக்கு ஒரு கல்லை ஒரே முதுகில் ஏற்றுகிறார்கள். முதுகு ஒடிந்ததும் கடைசிக் கல்லை வைத்தவன் யார் என்று தேடுகிறோம்.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். "தேனீ இனமே அழியப் போகிறது" என்பது சரியல்ல. ஐநாவின் உணவு வேளாண் நிறுவனக் கணக்குப்படி 1961-க்குப் பிறகு அரை நூற்றாண்டில் உலகின் வளர்ப்புத் தேனீக் கூடுகள் சுமார் 45 விழுக்காடு கூடியிருக்கின்றன. அமெரிக்காவில்தான் 1940-களில் சுமார் 6 மில்லியனாக இருந்தது இந்த நூற்றாண்டுத் தொடக்கத்தில் 2.5 மில்லியன் அளவுக்கு இறங்கியது. செத்த கூட்டுக்குப் பதில் உயிருள்ள கூட்டை இரண்டாகப் பிரித்து, புது ராணியை வாங்கி வைத்து, மனிதர் எண்ணிக்கையைத் தாங்கிப் பிடிக்கிறார்கள். காட்டில் தானாக வாழும் தேனீக்குப் புது ராணி வாங்கித் தர ஆளில்லை. உண்மையை ஊதிப் பெரிதாக்கிச் சொன்னால் தேனீக்கு நல்லது செய்ததாக ஆகாது. ஒரு நாள் அது பொய் என்று தெரியும்போது, கேட்டவன் உண்மையையும் சேர்த்துத் தூக்கி எறிவான்.

நம் மண்ணில்

"இதெல்லாம் வெள்ளைக்காரன் நாட்டுக் கதைதானே" என்று நினைத்துவிடாதீர்கள்.

கெடாவின் பெடு ஏரிப் பக்கத்துக் காடுகளில் துவாலாங் மரம் இருக்கிறது. 80 மீட்டருக்கு மேல்கூட வளரும். எங்கள் மண்டபத்துக்கு வந்த அதே மலைத்தேனீ அதன் கிளைகளில் கூடு கட்டும். ஒரே மரத்தில் நூறு கூடுகள்வரை தொங்குவதுண்டு. அங்கே தேன் எடுக்கும் மலாய்க்காரர்கள் நிலவில்லாத இரவில்தான் ஏறுவார்கள். தேனீயைத் தேனீ என்று சொல்லமாட்டார்கள், 'ஹித்தாம் மானிஸ்' என்று கொஞ்சி அழைப்பார்கள். முன்னொரு காலத்தில் அந்தப் பெயரில் ஓர் அரண்மனைப் பணிப்பெண் இருந்தாளாம். இளவரசனைக் காதலித்தாள். அரசனின் ஆட்கள் எறிந்த உலோக ஈட்டி அவள் நெஞ்சில் பாய்ந்தது. அவளும் தோழிகளும் தேனீக்களாக மாறிவிட்டார்கள். அதனால் தேன் எடுக்கும்போது உலோகமே கூடாது. எலும்பில் செய்த கத்தி, தோலில் செய்த வாளி.

கதையை நம்ப வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. எடுக்கிறவனுக்கும் ஓர் எல்லை வேண்டும் என்று ஒரு சமூகம் நினைத்ததே, அதைத்தான் சொல்கிறேன். மரம் போனால் எந்தக் கத்தியாக இருந்தாலும் வேலை இல்லை. காடு சுருங்கச் சுருங்க, இந்தத் தேனீ ஊருக்குள் வந்து அடுக்குமாடியிலும் தண்ணீர்த் தொட்டியிலும் நம் மண்டபத்திலும் தொங்குகிறது. நாம் அதை "புகுந்துவிட்டது" என்கிறோம்.

கெலுலுட் தேன் இப்போது பிரபலம். கொட்டாத சின்னத் தேனீ. அதை வளர்ப்பது நல்ல தொழில்தான். ஆனால் முதல் கூட்டுக்காகக் காட்டு மரத்தையே வெட்டி, கட்டையோடு தூக்கி வருகிறவர்களும் இருக்கிறார்கள். 'இயற்கை', 'சத்து' என்று புட்டியில் எழுதியிருக்கும். அந்தக் கட்டை எங்கிருந்து வந்தது என்று எழுதியிருக்காது.

என் பாட்டி ஜொகூரில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்தார். இளவயதில் அவருக்குப் 'பூவுக்குத் தூள் ஊதுற' வேலை. ஆண் பூவின் மகரந்தத்தை டால்க் மாவோடு கலந்து, கையால் அழுத்தும் ஊதுகருவியில் வைத்துக் கொண்டு, மரம் மரமாகப் போய்ப் பெண் பூவைத் தேடி ஊத வேண்டும். முள் குத்தும், கண்ணில் தூள் விழும். செம்பனையின் தாய்மண் ஆப்பிரிக்கா. மரத்தை இங்கே கொண்டு வந்தவர்கள் அதற்கு மகரந்தம் சுமக்கும் வண்டைக் கொண்டு வரவில்லை. அந்த வண்டின் வேலையைத்தான் நம் பாட்டிமார் செய்தார்கள். 1981-இல் கெமரூனிலிருந்து அந்தக் குட்டி வண்டு வந்து சேர்ந்தது. ஊதுகிற வேலை முடிந்தது. பாட்டி சிரித்துக் கொண்டே சொல்வார்: "எங்க கூலியை ஒரு வண்டு புடுங்கிக்கிச்சு!"

தேனீ, வண்டு எல்லாம் கேட்காமலே செய்து விட்டுப் போகிற வேலைக்கு என்ன கூலி என்று யாராவது கேட்டால், எனக்குப் பாட்டியின் முள் குத்திய கைகள்தான் ஞாபகம் வரும்.

என் பங்கு எவ்வளவு?

இப்போது நாம் உண்மையான கேள்விக்கு வருவோம். காரணம் பல என்றால், பொறுப்பு யாருடையது?

'தேன் எடுத்தவன் புறங்கையை நக்காமல் இருப்பானா' என்று நம்மிடம் ஒரு பழமொழி உண்டு. தேன் எடுத்தவனை மட்டும் பார்த்துக் கேலியாகச் சொல்கிறோம். மலிவான காய்கறி, பளபளக்கும் பழம், வருஷம் முழுக்கப் பாதாம், பூச்சியே இல்லாத தாமான் என்று நாமும் புறங்கையை நக்கியவர்கள்தான்.

ஆனால், "எல்லாருக்கும் பங்கு இருக்கு" என்று சொல்லி நிறுத்துவதிலும் ஓர் ஆபத்து இருக்கிறது. எல்லாரும் காரணம் என்றால் யாரும் காரணம் இல்லை என்று ஆகிவிடும். நஞ்சைத் தயாரித்து விற்பவரும், 180 வெள்ளி கொடுத்து ஒரு தடவை அடிக்கச் சொன்ன நானும் சமமல்ல. காட்டை வெட்ட அனுமதி கொடுப்பவரும், கெலுலுட் தேன் ஒரு புட்டி வாங்கும் அம்மாவும் சமமல்ல. அதிகாரம் எவ்வளவோ, பொறுப்பும் அவ்வளவு. பெரியவர்களைக் கேள்வி கேட்பதும் நம் கடமைதான்.

சரி, சிறியவனான என் பங்கு? மூன்று சாக்குகள் என் மனசில் வந்தன. உங்களுக்கும் வரும்.

"நான் ஒருத்தன் நிறுத்தினா என்ன ஆகிடப் போவுது?" கோத்தோங் ரோயோங்குக்கு நாற்பது பேர் குழுவில் கட்டைவிரல் காட்டுவார்கள். காலையில் ஆறு பேர் வந்து நிற்போம். வராத முப்பத்துநாலு பேரும் தனித்தனியாக நினைத்தது இதே வாக்கியம்தான்.

"என் பங்கால்தான் செத்துச்சுன்னு நிரூபிக்க முடியுமா?" முடியாது. ஆனால் டெங்கியை நினைத்துப் பாருங்கள். நம் நாட்டில் 1975-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது, நோய் பரப்பும் பூச்சிகளை அழிப்பதற்கானது. சுகாதார அதிகாரி வீட்டுக்கு வந்து, பூச்சட்டியில் கொசுப்புழுவைக் கண்டால் அபராதம் எழுதுவார். "இந்தக் கொசு எந்தப் பிள்ளையைக் கடித்தது, காட்டுங்கள்" என்று நாம் வாதாட முடியுமா? அவர் கேட்பது ஒன்றே ஒன்று: உன் வீட்டில் தண்ணீர் தேங்க விட்டாயா, இல்லையா? எனக்கு இது பெரிய வெளிச்சமாக இருந்தது. யார் குற்றவாளி என்பது ஒரு கேள்வி, என் கடமை என்ன என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்கு விஞ்ஞானிகள் இன்னும் இருபது வருஷம் தேடட்டும். இரண்டாவது கேள்வி அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை.

"மனுஷ உயிர்தானே முக்கியம்?" ஆமாம், முக்கியம். தேனீக்கூட்டம் துரத்திக் கொட்டினால் ஆளே போகலாம். குளவி கொட்டி இறந்தவர்களும் உண்டு. திருவிழாக் கூட்டத்துக்கு மேலே அந்தக் கூட்டை அப்படியே விட்டிருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த வாக்கியத்துக்குப் பின்னால் நாம் எதை ஒளிக்கிறோம் என்று பார்க்க வேண்டும். 2016 ஆகஸ்டில் அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில் ஸிக்கா நோய்க் கொசுவை ஒழிக்க விமானத்திலிருந்து மருந்து தெளித்தார்கள். நோக்கம் நல்லது. தெளித்ததோ தேனீக்கள் வெளியே பறக்கிற காலை நேரத்தில். ஒரு பண்ணையில் மட்டும் லட்சக்கணக்கான தேனீக்கள் செத்து விழுந்தன. கொசுவை அடிக்கக் கூடாது என்று அந்தப் பண்ணைக்காரர்கள் சொல்லவில்லை. நேரத்தைப் பார்த்திருக்கலாம், முன்கூட்டியே சொல்லியிருக்கலாம் என்றுதான் வருந்தினார்கள்.

எங்கள் ஆலயத்திலும் அதேதான். மூன்றே நாள் இருந்தபோது எங்கள் முன்னால் ஒரே வழிதான் தெரிந்தது. அந்த ஒரே வழியை உண்டாக்கியது நாங்கள் சும்மா இருந்த ஆறு வாரம். கூடு உள்ளங்கை அகலம் இருந்தபோது நான்கு வழி இருந்தது. படம் எடுத்தோம், போய்விட்டோம். கொன்றது மருந்து மட்டும் இல்லை, அந்த ஆறு வாரமும்தான். கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லை. அக்கறை யாருக்கும் இல்லை. இரண்டும் கடைசியில் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன.

இந்த வருஷம்

மலைத்தேனீ பழைய இடத்தைத் தேடித் திரும்பி வரும் என்று படித்திருந்தேன். இந்த வருஷம் வந்தது. அதே கூரை விளிம்பு. முதலில் பார்த்தவன் அந்தப் பையன்தான். ஓடிவந்து சொன்னான். அன்றைக்கே அந்தப் பெரியவரிடம் போனேன். வந்து பார்த்தார். "இன்னும் சின்னதுதான், ரெண்டு நாள்ல பாத்துக்கலாம்" என்றார். அதுவரைக்கும் கீழே கயிறு கட்டி, யாரும் கிட்டே போகாதபடி வைத்தோம். ஒரு ராத்திரி விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு, தேங்காய் மட்டையில் புகை போட்டார். ரெண்டு மூன்று ராத்திரி அப்படிச் செய்தார். மூன்றாம் நாள் விடியலில் கூரையில் வெறும் அடை மட்டும் வெள்ளையாக ஒட்டிக் கொண்டிருந்தது. எங்கே போயின என்று தெரியாது. பிழைத்திருக்கும் என்று நம்புகிறேன்.

தம்பி தங்கைகளே, நீங்கள் செய்யக் கூடியது பெரிய காரியம் இல்லை. கூடு கண்டால் முதல் நாளே விவரம் தெரிந்தவரிடம் கேளுங்கள். நீங்களே கல்லெறியவும் வேண்டாம், புகை போடவும் வேண்டாம். ஆபத்து என்றால் பொதுத் தற்காப்புப் படையை அழையுங்கள், கொல்லாமல் அகற்ற முடியுமா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். தாமானில் புகையடிக்க வருகிறார்கள் என்றால் தேனீ வளர்ப்பவருக்கு முதல் நாளே சொல்லுங்கள். வீட்டு வாசலில் துளசியைப் பூக்க விடுங்கள். சரிபார்க்காத செய்தியைப் பகிராதீர்கள். இதில் எதுவும் உலகத் தேனீக்களைக் காப்பாற்றிவிடாது. ஆனால் உங்கள் கைக்கு எட்டுகிற இடத்தில் இருப்பதை இவை காப்பாற்றும். கைக்கு எட்டாததற்கு நம்மை யாரும் கணக்குக் கேட்கப் போவதில்லை.

ஒன்று பாக்கி இருந்தது. போன வாரம் வகுப்பு முடிந்ததும் அந்தப் பையனைக் கூப்பிட்டேன்.

"போன வருஷம் ஒண்ணு கேட்டியே, ஞாபகம் இருக்கா? தேனீய யாரு கொன்னான்னு?"

தலையாட்டினான்.

"நாங்கதான்டா. நானும்தான். அன்னைக்கே சொல்லியிருக்கணும்."

அவன் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தான். "அடுத்த வருஷமும் வருமாண்ணே?" என்று கேட்டான்.

"வரும்னு நெனைக்கிறேன்."

"அப்ப நான் டெய்லி பாத்து வைக்கிறேன்" என்று சொல்லிவிட்டு ஓடிப்போனான்.